இரண்டு விடையும் சரிபோலத் தெரிகிறதே!

கேள்வி: பி.காம். முடித்து இரண்டு ஆண்டுகளாக வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஆங்கில இலக்கண விதிகள் எல்லாம் தெரியும். ஆனால் ஒரு பத்தியைக் கொடுத்து, கோடிட்ட இடங்களுக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கடைசியில் இரண்டு விடைகள் சரிபோலவே நிற்கின்றன. நான் தொடுவது எப்போதும் தவறானதாக இருக்கிறது. எங்கள் ஊர்ப் பயிற்சி மையத்தில் ஆங்கிலத்துக்கு மட்டும் தனி வகுப்புக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? பஸ்ஸில் போவதற்கு 'இன்' வருமா, 'ஆன்' வருமா என்பதையும் சொல்லுங்கள். - வாசகி, நாமக்கல்

பதில்: சேர வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

விதிகள் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வகுப்பில் விற்கப்போவதும் அதே விதிகளைத்தான். உங்கள் சிக்கல் கண் போகும் இடத்தில் இருக்கிறது. கோடிட்ட இடம் வந்ததும் அதற்கு முன்னால் உள்ள இரண்டு சொற்களைப் பார்க்கிறீர்கள், உடனே விடைகளுக்குத் தாவுகிறீர்கள். கோட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படிப்பதில்லை. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படித்தான் மதிப்பெண்ணை இழந்தார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 'ஹீ ஹேஸ் ____ ஃபிரெண்ட்ஸ் இன் தி சிட்டி.' விடைகளில் 'ஃப்யூ', 'எ ஃப்யூ' இரண்டும் இருக்கின்றன. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எவராலும் விடை சொல்ல முடியாது. இரண்டுமே இலக்கணப்படி சரி. 'எ ஃப்யூ' என்றால் சில நண்பர்கள் இருக்கிறார்கள். 'ஃப்யூ' என்றால் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள அதிகம் பேர் இல்லை. அடுத்த வாக்கியம் 'ஹீ ஈட்ஸ் அலோன் எவ்ரி நைட்' என்று இருந்தால் விடை 'ஃப்யூ'. அதுவே 'தே ஃபவுண்ட் ஹிம் எ ரூம்' என்று இருந்தால் 'எ ஃப்யூ'. தங்க அறை பார்த்துக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? விடை அடுத்த வரியில் உட்கார்ந்திருக்க, நீங்கள் இந்த வரியிலேயே அதைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே, பத்தியை ஒருமுறை முழுதாகப் படியுங்கள், கோடுகளோடு சேர்த்தே. பிறகு விடைகளைப் பார்க்காமல் உங்கள் மனத்தில் என்ன சொல் வருகிறது என்று கேளுங்கள். ஆங்கிலச் சொல் வராவிட்டால் தமிழ்ச் சொல் வந்தாலும் போதும். அதற்குப் பிறகுதான் விடைகளின் பக்கம் போக வேண்டும். விடைகள் உங்களுக்கு உதவுவதற்காக வைத்தவை அல்ல, தூண்டிலில் மாட்டிய புழுக்கள்.

இந்த வகைக் கேள்வியைக் 'கிளோஸ் டெஸ்ட்' என்கிறார்கள். 1953-இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. ஓர் உரைநடை படிக்க எளிதா, கடினமா என்று அளக்கக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு சொல்லாக நீக்கிவிட்டு, படிப்பவரை நிரப்பச் சொன்னார். விடைப்பட்டியல் எதுவும் தரவில்லை. எழுத்தை அளக்க வந்த கருவியைப் பிடித்து, ஐந்து புழுக்களை மாட்டி, பிள்ளைகளை அளக்க வைத்துவிட்டோம். வங்கிப் பணிக்கு ஆள் எடுக்கத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனத்தின் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு 40 விநாடி. பன்னிரண்டு ஆண்டுகள் பாடநூலின் பின்பக்கத்து 'கோடிட்ட இடத்தை நிரப்புக' விடைகளை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, திடீரென்று 40 விநாடியில் சூழலைப் புரிந்துகொள் என்றால் எப்படி? சரி, இதைச் சொல்லிப் பயனில்லை.

விதிகளைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் தமிழை நம்புங்கள். 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்கு அரைப் பக்க விதி எதற்கு? 'மூன்று நாளாகக் காய்ச்சல்' என்றால் 'ஃபார்'. 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்' என்றால் 'சின்ஸ்'. 'ஆக'வுக்கு ஒன்று, 'இருந்து'வுக்கு ஒன்று, அவ்வளவுதான். கனமழை 'ஹெவி ரெயின்'. அங்கும் கனம், இங்கும் கனம். ஆனால் மாத்திரையை நாம் சாப்பிடுகிறோம், ஆங்கிலத்தில் 'டேக்' செய்ய வேண்டும். 'பற்றிப் பேசினோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று போட்டுவிடுகிறோம்; 'டிஸ்கஸ்' தனியாகவே நிற்கும். இப்படித் தமிழ் காலை வாரும் இடங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விதியாக எழுத வேண்டாம், முழு வாக்கியமாக எழுதுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் கையேடுகளும் இதில்தான் கோட்டை விடுகின்றன. 'டு' வந்தால் அடுத்து வினைச்சொல்லின் முதல் வடிவம் என்று படித்திருப்பீர்கள். 'ஐ வாண்ட் டு மீட் யூ' சரி. ஆனால் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதுதான் முறை. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் பாதி 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடிகின்றன. படிக்கும் அதிகாரி அங்கேயே முகம் சுளிக்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்' நிற்கிறது. 'வாண்ட் டு தி ஹாலிடேஸ்' நிற்கவில்லை. பெயர்ச்சொல் நிற்கும் இடத்தில் வினை வந்தால் 'இங்' சேர வேண்டும். இந்தச் சோதனையோடு 'யூஸ்ட் டு'வுக்கு வாருங்கள். 'ஐ யூஸ்ட் டு டிரிங்க் காபி' என்றால் முன்பு குடிப்பேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரிங்கிங் பிளாக் காபி' என்றால் எனக்கு அது பழகிவிட்டது. 'ஐ ஆம் யூஸ்ட் டு தி ஹீட்' என்று சொல்ல முடிகிறதல்லவா? அதனால் 'இங்'. நடுவில் உள்ள ஒரு சிறிய 'ஆம்' எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. 'அப்ஜெக்ட் டு', 'வித் எ வியூ டு' இரண்டும் இதே சாதி. தேர்வுத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த 'டு' மீது தனிப் பாசம்.

பயிற்சிக்குப் புத்தகம் வாங்க வேண்டாம். ஆங்கில நாளிதழில் எளிய செய்தி ஒன்றை எடுங்கள், தலையங்கம் வேண்டாம். ஒரு பத்தியை நோட்டில் எழுதும்போது, 'இன்', 'ஆன்', 'தி', 'ஆல்தோ', 'பட்' போன்ற சின்னச் சொற்களை விட்டுவிட்டுக் கோடு போடுங்கள். மறுநாள் காலையில் நிரப்பி, நாளிதழோடு ஒப்பிடுங்கள். பதினைந்து நிமிடம் போதும். முதல் வாரம் நிறையத் தவறும், பயப்பட வேண்டாம்.

ஏன் புத்தகம் வேண்டாம் என்கிறேன் என்றால், '5,000 கேள்விகள், விடைகளுடன்' என்று சுற்றும் பி.டி.எஃப்.களில் விடைகளே தவறு. என்னிடம் ஒரு மாணவர் 600 ரூபாய் கொடுத்து வாங்கிய கையேட்டைக் கொண்டுவந்தார். அதில் 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' சரியான விடை என்று போட்டிருந்தது. 'ஃபிரெண்ட்ஸ்' என்று இருக்க வேண்டும். அந்தப் பையன் ஆறு மாதம் தவறையே மனப்பாடம் செய்திருந்தான். பணம் போனது பெரிதல்ல, இதை மறக்கடிக்க எனக்கு இன்னும் மூன்று மாதம் ஆயிற்று.

பயிற்சி மையங்களில் ஒரு தந்திரம் உண்டு. 'தேர்ச்சி பெறாவிட்டால் கட்டணம் திருப்பித் தரப்படும்' என்பார்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். வருகைப்பதிவு இவ்வளவு இருக்க வேண்டும், எல்லா மாதிரித் தேர்வுகளும் எழுதியிருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒரு நாள் காய்ச்சல் வந்தால் பணம் போயிற்று. 'சேர்க்கைக்கு' என்று அசல் சான்றிதழ்களைக் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். பாதியில் நின்றால் மீதிக் கட்டணத்தைக் கட்டும்வரை அவற்றைப் பிணையாக வைத்துக்கொள்வார்கள். 'உள்ளே ஆள் இருக்கிறார், மதிப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் வந்தால் அவர் தேநீருக்குக்கூடப் பணம் கொடுக்க வேண்டாம்.

கடைசியில் இரண்டு விடைகள் நிற்கும்போது தொடலாமா, விடலாமா? தொடுங்கள். தவறுக்குக் கால் மதிப்பெண் போகும், சரிக்கு ஒன்று வரும். இரண்டில் ஒன்று என்றால் கணக்கு உங்கள் பக்கம்தான். ஐந்தும் ஒன்றுபோலத் தெரிந்தால் மட்டும் நேரத்தை வீணாக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

இனி பஸ். 'ஆன் தி பஸ்', 'இன் தி கார்'. எழுந்து நின்று நடக்க இடமுள்ள வண்டி என்றால் 'ஆன்'. ரயிலும் விமானமும் அப்படியே. நம் ஊரில் காலை எட்டரை மணி பஸ்ஸில் நிற்கவே இடமில்லை என்றாலும் 'ஆன்'தான்.