டாக்டர் பதில்கள்: 1:160 என்றால் நோயா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. இரண்டு மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்து போனது. அதிலிருந்து விரலும் கணுக்காலும் வலிக்கிறது என்கிறாள். ரத்தப் பரிசோதனையில் ‘ஏஎன்ஏ பாசிட்டிவ், 1:160, ஸ்பெக்கிள்டு’ என்று வந்திருக்கிறது. லேபில் இருந்தவர் ‘லூபஸாக இருக்கும்’ என்றார். நான் பாசி எடுக்கப் போகிறவள். லீவு நாளில் அவளும் கூட வருவாள். வெயிலும் உப்புத் தண்ணியும்தான் காரணமா?
- ஒரு தாய், பாம்பன்

பதில்: அந்தத் தாளில் நோயின் பெயர் எதுவும் இல்லை, அம்மா. லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். உடம்பின் சொந்த செல்லுக்குள் இருக்கும் கருவையே எதிரியாக நினைக்கும் ஒரு புரதம்தான் ஏஎன்ஏ. புளிக்கரைசலில் தண்ணீர் விட்டுக்கொண்டே போய், எதுவரை புளிப்பு தெரிகிறது என்று பார்ப்போமே, அதே மாதிரிதான் இதுவும். ரத்தநீரை 160 மடங்கு நீர்த்த பிறகும் ஏஎன்ஏ தெரிந்தது, அவ்வளவுதான். ஆரோக்கியமானவர்களிலேயே 100க்கு 5 பேருக்கு இந்த அளவில் தெரியும். 1:80 என்றால் 13 பேர். ஸ்பெக்கிள்டு என்பது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது என்பதற்கான பெயர்.

எனக்கு அந்தக் காய்ச்சல் மேல்தான் சந்தேகம். சிக்குன்குனியா என்றால் சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலிக்கும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் ஏஎன்ஏ சில காலம் பாசிட்டிவாக வருவதும் உண்டு.

சரி, வீட்டில் என்ன பார்க்கலாம்? காலையில் எழுந்ததும் தானே சடை பின்ன விரல் மடங்குகிறதா? மேலண்ணத்தில் வலிக்காத புண் இருக்கிறதா? வெயில்பட்டால் முகம் சிவப்பது இயல்புதான். ஆனால் மூக்கோர மடிப்பை மட்டும் விட்டுவிட்டு இரு கன்னமும் சிவந்து, நாள் கணக்கில் மறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். செலவு குறைவு, ஆனால் சிறுநீரகத்தைப் பற்றி அது சொல்வதை ஏஎன்ஏ சொல்லாது. அப்புறம் ரத்தப் பரிசோதனைகள்: ரத்த அணுக்கள், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), டிஎஸ்-டிஎன்ஏ (ஏஎன்ஏவை விட லூபஸைத் தெளிவாகச் சுட்டும்), சி3, சி4 (எதிர்ப்பு சக்தியில் பங்கெடுக்கும் ரத்தப் புரதங்கள்). இவற்றில் கோளாறு இருந்தால் மதுரைக்குப் போய் ருமட்டாலஜி (மூட்டு நோய், லூபஸ் போன்றவற்றுக்கான) டாக்டரைப் பாருங்கள். ஏஎன்ஏவையே திரும்பத் திரும்ப எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். சிறுநீர் நுரைத்தாலோ, முகமோ காலோ வீங்கினாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடல் தண்ணீர் இதைக் கொண்டுவரவில்லை. வெயில், லூபஸ் இருந்தால் அதைக் கிளப்பிவிடும். அதனால் ரிசல்ட் எல்லாம் வரும்வரை மகள் கடலுக்கு வராமல் நிழலிலேயே இருக்கட்டும். இதற்கிடையில் டாக்டர் சொல்லாமல், மூட்டு வலிக்கென்று கடையில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். வலி சட்டென்று அடங்கும், ஆனால் என்ன நோய் என்று கண்டுபிடிப்பது எங்களுக்குக் கஷ்டமாகிவிடும்.