குழுக் கூட்டத்தில் நான் வாய் திறப்பதற்குள் பேச்சு நகர்ந்துவிடுகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிவில் பொறியியல் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு, ஆண்டிறுதி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பிப்ரவரி இறுதியில் வகுப்புகள் மீண்டும் தொடங்குகின்றன. திரும்பிப் போவதா, இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வதா என்று முடிவெடுக்க முடியாமல்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பா செம்பனைக் குலை அறுக்கும் வேலையில் தொடங்கி, இப்போது இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு பிரிவுக்கு மண்டோராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக, இருக்கிறார். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, அதன் பிறகு மலாய்வழிப் படிப்புக்குத் தயாராகும் புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளி, பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்., கோலாலம்பூரில் அடிப்படைப் படிப்பு என்று படிப்படியாக வந்தேன். அப்பா தமது ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காக எடுக்க முடிந்ததை எடுத்தார். அத்தை நகையை அடகு வைத்தார். எங்கள் தோட்டத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போன முதல் பெண் என்று கோவில் திருவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 6.5 பெற்றுத்தான் சேர்ந்தேன். விரிவுரைகள் புரிகின்றன, தேர்வுகளில் நல்ல மதிப்பெண்ணும் கிடைக்கிறது. என்னைத் தோற்கடிப்பது குழுப்பணிதான். சென்ற பருவத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவாக, ஒரு சிறிய குடியிருப்புப் பகுதிக்கு மழைநீர் வடிகால் வடிவமைக்க வேண்டியிருந்தது. குழுவில் இரண்டு பேர் அந்த ஊர்க்காரர்கள். ஒருவர் சீனாவிலிருந்தும் மற்றொருவர் வியட்நாமிலிருந்தும் வந்தவர்கள். கூட்டங்களில் அந்த ஊர் மாணவர்கள் இருவரும் ஒருவர் பேச்சின் வால் முடியும் முன்பே மற்றவர் தொடங்கிவிடுவார்கள். நான் சொல்ல வேண்டியதை மனத்தில் அடுக்கி, இலக்கணத்தைச் சரிபார்த்து, வாய் திறக்கும்போது அவர்கள் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். என் வயதுக்காரர்கள் பேசும்போதும் அந்தப் பழக்கம் என்னைத் தடுத்துவிடுகிறது.

வடிகால் கணக்கில், ஒரு மணி நேர மழைக்கான செறிவை ஒருவர் எடுத்துக்கொண்டார். அவ்வளவு சிறிய பரப்புக்குச் சில நிமிட மழையின் செறிவைத்தான் எடுக்க வேண்டும், அது இன்னும் அதிகமாக இருக்கும் என்பது எனக்கு உடனே தெரிந்தது. கூட்டத்தில் சொல்ல இடம் கிடைக்கவில்லை. அன்றிரவே கணக்கைத் திருத்தி, குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதற்கு மேலே வேறு செய்திகள் வந்து குவிந்துவிட்டதால் யாரும் அதைப் பார்க்கவில்லை. குழாய்களின் விட்டம் போதவில்லை என்று விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அதைவிட வலித்தது சக மாணவர் மதிப்பீடு. “கூட்டங்களில் எந்தப் பங்களிப்பும் இல்லை” என்று என்னைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அதனால் என் தனி மதிப்பெண் மேலும் குறைந்தது.

பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் ஒவ்வோர் இரவும் வீட்டுக்கு அழைப்பேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லி வந்திருக்கிறேன். இப்போது வீட்டுக்கு வருகிற உறவினர்களிடமும் அதையே சொல்கிறேன். அடுத்த ஆண்டு மலேசிய மாணவர்களுடன் மட்டும் குழு சேர்ந்துகொள்ளலாமா? அல்லது இங்கேயே மாறிவிடலாமா? என் ஆங்கிலம் இனித் தேறவே தேறாதா?

— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

*

அன்புமிக்க தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது அந்த மழைக் கணக்குதான். ஐந்து பேர் அமர்ந்திருந்த அறையில், பிழையைக் கண்டவர் நீங்கள். அதைத் திருத்தியவரும் நீங்கள். ஆகவே உங்கள் பாட அறிவைப் பற்றியோ உழைப்பைப் பற்றியோ நாம் பேச வேண்டியதில்லை. நீங்கள் கண்ட உண்மை குழுவின் காதுக்குப் போய்ச் சேராமல் இடையில் எங்கே தொலைந்தது என்பதை மட்டும் பார்ப்போம். அதைப் பார்த்துவிட்டால் ஆங்கிலம் தேறுமா என்ற உங்கள் கேள்வியும் வேறு வடிவம் எடுக்கும்.

உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? பத்து மொழிகளின் அன்றாடப் பேச்சை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அது சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டது. ஒரு படத்தைப் பார்த்து, தாய்மொழியில் அதன் பெயரை ஒற்றைச் சொல்லாகச் சொல்வதற்கே மூளைக்கு ஒரு நொடியில் பாதிக்கு மேல் ஆகிறது. அப்படியானால், மற்றவர் பேசி முடிக்கும் முன்பே நாம் எல்லோரும் நம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்று பொருள். கேட்பதும் தயாரிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தாய்மொழியில் இது தானாக நடக்கிறது. மூன்றாவதாகக் கற்ற மொழியில், கேட்பதற்கே கவனம் முழுவதும் செலவாகிவிடுவதால், தயாரிப்பு பின்தங்குகிறது. இந்தச் சில நொடித் தாமதம்தான் உங்களைக் கூட்டத்தில் ஊமையாக்குகிறது. இது பழகப் பழகக் குறையும் தன்மையுடையது. ஆனால் அது குறையும் வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது உங்களுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு தரப்பட்டது. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குள் நுழையும் பிள்ளைக்குக் காலம் வேண்டும் என்பதை நம் கல்வி முறை அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது. பெர்த்தில் அப்படி யாரும் ஓராண்டு தரவில்லை. வந்திறங்கிய பருவத்திலிருந்தே மதிப்பெண் போடத் தொடங்கிவிட்டார்கள். தரப்படாத அந்தக் காலத்துக்கான கடனை நீங்கள் உங்கள் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியவை. பேச்சின் வேகத்தில் போட்டியிடுவதைவிட, பேச்சு தொடங்கும் முன்பே உங்கள் கருத்து மேசைமீது இருக்கும்படி செய்வதே நல்லது. கூட்டத்துக்கு முதல் நாளே, குழுவின் பொது ஆவணத்தில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் இதற்கு உதவாது, அங்கே எதுவும் சில மணி நேரத்தில் புதைந்துவிடுகிறது. புதிய குழு அமைந்த முதல் கூட்டத்திலேயே, ஒவ்வொருவரும் முன்கூட்டி எழுதிக் கொண்டுவருவோம் என்ற முறையை நீங்களே முன்மொழியுங்கள். உங்களுக்காகக் கேட்கும் சலுகையாக அதை நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். மைக்கேல் டீல், வூல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இரு ஜெர்மானிய உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், கூடிப் பேசிக் கருத்துத் தேடும் குழுவைவிட, அதே எண்ணிக்கையிலானவர்கள் தனித்தனியே யோசித்துப் பின்னர் ஒன்றுசேர்க்கும்போது அதிகக் கருத்துகள் கிடைப்பதைக் காட்டினார்கள். தம் முறைக்காகக் காத்திருக்கும் வேளையில் கருத்துகள் தடைபட்டுப் போவதே முதன்மையான காரணம் என்றும் கண்டார்கள். தாய்மொழியிலேயே பேசும் குழுக்களுக்கும் இது பொருந்தும். உங்கள் குழுவின் சீன, வியட்நாமிய நண்பர்களும் உங்களைப் போலவே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கக் கூடும். அவர்களிடம் முதலில் பேசிப் பாருங்கள்.

கூட்டத்துக்கு நடுவே பிழை ஒன்றைக் கண்டால், முழு வாக்கியமும் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். “ஒரு நிமிடம், மழைக் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம்” என்ற அளவில், இரண்டு மூன்று சிறிய தொடக்க வாக்கியங்களை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து, நாக்குக்குப் பழக்கிவிடுங்கள். சொல்லிவிட்டால் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள். பேச்சுமுறை உங்கள் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு நீங்கள் நிதானமாகத் தேடிப் பேசலாம், இலக்கணம் சற்றுப் பிசகினாலும் பொறியாளர்கள் எண்ணைத்தான் கவனிப்பார்கள். குறுக்கிடுவது மரியாதைக் குறைவு என்று நீங்கள் கற்றது நம் வீட்டுக்குச் சரியானது, அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் உங்கள் மௌனத்துக்கு அவர்கள் வேறு பொருள் கொண்டார்கள். குழுவாகச் செய்யும் வேலையில் சிலர் உழைப்பைத் தளர்த்திவிடுவது உளவியலில் நன்கு அறியப்பட்ட ஒன்று. அதைப் பட்டறிந்த மாணவர்கள், அமைதியாக இருப்பவரைப் பார்த்ததும் வேலை செய்யாதவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்களைப் பற்றி எழுதியவருக்கு நீங்கள் இரவில் செய்த கணக்கு தெரியாது. அது உங்கள்மீது சொல்லப்பட்ட தீர்ப்பு என்று கொள்ளாமல், அவர் கண்ணுக்குப் பட்டது அவ்வளவுதான் என்று கொள்ளுங்கள். அடுத்த முறை கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பையோ, கணக்குகளைச் சரிபார்க்கும் பொறுப்பையோ பெயர் குறித்து ஏற்றுக்கொண்டால், உங்கள் வேலை எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் சேர்ந்த ஒரு பிரிவை நடத்துகிற மண்டோர், மொழி ஒத்துவராத குழுவை ஒவ்வொரு நாள் காலையும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து வேலைக்கு அழைத்துச் செல்கிறார். புதிதாக வந்தவருக்கு எந்தக் குலையை அறுக்க வேண்டும் என்பதை அவர் எப்படிப் புரியவைக்கிறார் என்று கேளுங்கள். குலை பழுத்ததற்கு அடையாளமாக மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் காட்டித்தான் புரியவைப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் துறையில் அதற்கு இணையானது வரைபடம். குழாயின் போக்கையும் நீரின் அளவையும் ஒரு தாளில் வரைந்து நடுவில் வைத்துவிட்டு, விரலால் சுட்டிப் பேசினால், பாதி வாக்கியங்கள் தேவைப்படாமலே போய்விடும். இப்படி ஒரு கேள்வியோடு அப்பாவிடம் போனால், இத்தனை நாளாகத் தொலைபேசியில் சொல்ல முடியாமல் இருந்ததையும் அவரிடம் சொல்ல வழி பிறக்கும். சேமநிதிப் பணத்தை வீணாக்கிவிட்டீர்கள் என்று அவர் நினைப்பார் என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் எழுதப்படாமல் இருக்கிறது. மகள் தனியாகத் துன்பப்பட்டாள் என்பதே அவருக்கு அதைவிடப் பெரிய வருத்தமாக இருக்கும்.

மலேசிய மாணவர்களோடு மட்டும் குழு சேர்வது பற்றிக் கேட்டீர்கள். சாப்பாட்டுக்கும் சிரிப்புக்கும் தைப்பூசத்துக்கும் அவர்கள் வேண்டும். அந்த உறவைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். பாடக் குழுவில் ஒருவர் இருந்தாலும் நல்லதே. முழுக் குழுவையும் அப்படி அமைத்துக்கொள்வதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். படிப்பு முடியும்வரை அந்தத் தாமதம் குறைவதற்கான வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

ஊருக்கு மாறி வருவது பற்றி ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகளுக்கிடையே ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் ஆஸ்திரேலியா 1989இலிருந்தும் மலேசியா 2009இலிருந்தும் உறுப்பினராக இருக்கின்றன. குழுவாக வேலை செய்யும் திறன் அந்த உடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் தகுதிகளில் ஒன்று. ஆகவே இங்கே எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் குழுப்பணி உங்களுக்காகக் காத்திருக்கும். இதிலிருந்து தப்புவதற்காக மாறுவது பயன் தராது. பணமோ உடல்நலமோ காரணமாக இருந்தால் அது வேறு பேச்சு, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என் கருத்து, முன்கூட்டி எழுதும் முறையோடு ஒரு பருவத்தை முழுமையாக நடத்திப் பார்த்துவிட்டு அதன்பின் முடிவு செய்யலாம் என்பதே. இடையில் உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், பருவம் முடியட்டும் என்று காத்திருக்காமல் பல்கலைக்கழக ஆலோசகரை நேரில் பாருங்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால், ஆஸ்திரேலியாவில் லைஃப்லைன் அமைப்பின் 13 11 14 என்ற எண்ணை அழைக்கலாம்.

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் ஆஸ்திரேலியக் கல்விக்கூடங்கள், அவர்கள் பாடத்தில் தேர்ச்சி பெறுவதற்கு வேண்டிய நியாயமான ஆதரவைக் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும் என்று அந்நாட்டின் 2018ஆம் ஆண்டுத் தேசிய விதித்தொகுப்பு சொல்கிறது. எனவே மொழி உதவி கேட்பது உங்கள் உரிமை. கல்வித்திறன் பிரிவில் பேச்சுப் பயிற்சி உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

சக மாணவர் மதிப்பீட்டால் குறைந்த மதிப்பெண்ணை அப்படியே விட்டுவிட வேண்டாம். நீங்கள் திருத்திய கணக்கு நாளும் நேரமும் பதிந்த செய்தியாக வாட்ஸ்அப்பில் இன்னும் இருக்கிறது. அதைப் படமெடுத்து, கணக்குத் தாளையும் இணைத்து, பாடப் பொறுப்பாளருக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். யாரையும் குறைகூறாமல், செய்த வேலையை மட்டும் காட்டி, மறுபரிசீலனைக்கு வழி இருக்கிறதா என்று கேட்டால் போதும். இத்தகைய விண்ணப்பங்களுக்குக் கெடு நாள் இருப்பது வழக்கம். விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.