துவாலு என்ற நாட்டைப் பற்றிச் சொல்ல முடியுமா? அது உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருக்கிறதா?

நான் துவாலுவுக்குப் போனதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கப் பெயர் தேடினேன். நினைத்த பெயர் டாட் காமில் கிடைக்கவில்லை, டாட் டிவியில் இருந்தது. டிவி என்றால் தொலைக்காட்சிதான் என்று நினைத்திருந்தேன். நமக்கு டாட் இன் மாதிரி அது துவாலு நாட்டுக்குரிய எழுத்து என்பது அப்போதுதான் தெரிந்தது. இணையதளம் இன்றுவரை வரவில்லை. துவாலுவைப் பற்றிப் படிப்பது மட்டும் நிற்கவில்லை.

ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏறக்குறைய நடுவில், 9 தீவுகள். எல்லாம் சேர்த்து 26 சதுர கிலோமீட்டர், சுமார் 11,000 பேர். லட்சத்தீவைப் படத்தில் பார்த்திருந்தால் நிலத்தின் வாகு புரியும், இதுவும் அப்படிப் பவளத்திட்டுதான். 'துவாலு' என்றால் எட்டும் சேர்ந்து நிற்பது என்று பொருள். ஒன்பதாவது தீவான நியுலாகிட்டாவில் முன்பு நிலையாக யாரும் குடியிருக்கவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் இதை வடக்கே உள்ள கில்பர்ட் தீவுகளோடு ஒட்டவைத்து ஆண்டார்கள். அங்கே மைக்ரோனேசியர், இங்கே பாலினேசியர், இரண்டும் வெவ்வேறு இனங்கள். 1974இல் வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்து, 1978 அக்டோபர் 1 அன்று சுதந்திரம் பெற்றார்கள். நாடாளுமன்றத்தில் 16 பேர், கட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது (பொறாமையாக இருக்கிறது).

தலைநகர் ஃபுனாஃபுட்டியின் விமான ஓடுதளம் 1943இல் அமெரிக்கப் படை போட்டது. விமானம் எப்போதாவதுதான் வரும் என்பதால் மாலையில் அதுதான் ஊருக்கு மைதானம். விமானம் வரும் நேரம் சங்கு ஊதினால் எல்லோரும் எழுந்து ஓரமாகப் போய்விடுவார்கள். படங்களில் இதை அழகாகக் காட்டுவார்கள். ஆனால் ஓடுதளத்துக்கு மண் எங்கிருந்து வந்தது? அந்த ஒல்லியான தீவையே தோண்டித்தான் எடுத்தார்கள். குப்பையும் உப்புத்தண்ணீரும் தேங்கிய அந்தக் குழிகளின் கரையிலேயே மக்கள் பல பத்தாண்டுகள் குடியிருந்தார்கள். 2015இல்தான் அவை மூடப்பட்டன.

வருமானம் என்று பார்த்தால், அவர்கள் கடலில் சூரை பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம், கப்பல் வேலைக்குப் போனவர்கள் அனுப்பும் பணம், 1987இல் தொடங்கிய அறக்கட்டளை நிதி, வெளிநாட்டு உதவி. அப்புறம் அந்த டாட் டிவி. 2000இல் துவாலு ஐ.நா.வில் 189ஆவது உறுப்பினராகச் சேர்ந்த செலவுக்கு அந்த எழுத்தைக் குத்தகைக்கு விட்ட பணம்தான் கைகொடுத்தது.

சரி, மூழ்குகிறதா? 2018இல் வந்த ஓர் ஆய்வு, 1971க்கும் 2014க்கும் இடையே துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னது. பவளத்தூளையும் மணலையும் அலை கொண்டுவந்து போடுகிறது. "அப்படியென்றால் எல்லாம் புரளியா" என்று சிலர் இதை வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நிலம் இருப்பது வேறு, அதில் பிழைப்பது வேறு. அங்கே ஆறு கிடையாது, குடிப்பது மழைநீர். 2011இல் மழை பொய்த்தபோது நெருக்கடிநிலையே அறிவித்தார்கள். புலாகா என்ற பெரிய சேம்பை, நன்னீர் ஊறும் ஆழம்வரை குழி வெட்டி அதற்குள் நடுவார்கள். பவளநிலம் சல்லடை மாதிரி, பெரிய ஓதம் வரும் நாட்களில் கடல்நீர் கரையைத் தாண்டுவதோடு தரைக்கு அடியிலிருந்தும் மேலே ஊறி வருகிறது. உப்பு ஏறிய குழியில் கிழங்கு அழுகிப்போகும். இதுதான் அங்கே நடக்கிற 'மூழ்குதல்'. கரை அப்படியே இருக்கும், குழி வீணாகியிருக்கும்.

2023இல் ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வருடத்துக்கு 280 பேர் அங்கே போய் நிரந்தரமாக வாழலாம், வேண்டும்போது ஊருக்குத் திரும்பியும் வரலாம். யார் போவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து 8,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். மொத்த மக்கள்தொகையை மேலே சொல்லியிருக்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

போகிற எண்ணம் இருந்தால் ஃபிஜியின் சுவாவிலிருந்து விமானம் உண்டு. ஆஸ்திரேலிய டாலரை நோட்டாகவே கொண்டுபோங்கள். நாட்டின் முதல் ஏடிஎம் வந்ததே 2025 ஏப்ரலில்தான்.