அச்சத்துக்கு ஒரு மரபணு உண்டா? வாசகர் கேள்வி–பதில்

ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மருமகள், போன வாரம் தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டுமாட்டை நேருக்கு நேர் பார்த்து நடுங்கிவிட்டாள். பிள்ளை பயந்த சுபாவத்தோடு பிறக்கும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். உண்மையா?
வாசகி, கோத்தகிரி

இல்லை அம்மா. ஒருநாள் பயத்தால் குழந்தையின் மரபணு மாறாது. பயத்தில் தாயின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். ஆனால் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலற்றதாக்கிவிட்டுத்தான் கருவுக்கு விடுகிறது. அச்சத்தை உணர்வதில் பெரும்பங்கு வகிக்கும் மூளைப்பகுதி அமிக்டலா. காதுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாகப் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும். அதன் அடிப்படை அமைப்பு ஐந்தாம் மாதத்துக்கு முன்பே உருவாகியிருக்கும்.

மாதக்கணக்கில் நீளும் மன அழுத்தம் வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓடும்போது விழுந்திருந்தாலோ, ரத்தக்கசிவோ வயிற்றுவலியோ இருந்தாலோ, அசைவு குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரிவாள் செல் சோகை ஒரே மரபணுவின் கோளாறு என்று இங்கே மருத்துவ முகாமில் சொன்னார்கள். அமிக்டலாவை உருவாக்குவதும் ஒரே மரபணுதானா?
ஆசிரியர், கூடலூர்

அல்ல. அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் எழுத்து மாறுகிறது, அதனால் ஒரு புரதம் கெடுகிறது. அமிக்டலாவில் வேலை செய்பவை பெரும்பாலும் மேஸ்திரி மரபணுக்கள். தாங்களே எதையும் கட்டாமல் மற்ற மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்பவை.

மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்து ஏறக்குறைய 28 நாளில் மூடிக்கொள்கிறது. அடுத்த ஓரிரு வாரத்தில் அதன் முன்நுனி இரண்டு பைகளாக உப்பும். ஒவ்வொரு பையின் சுவரிலும் மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று எல்லை விழுகிறது. மேலே பாக்ஸ்6, கீழே ஜிஎஸ்எக்ஸ்2 என்ற மேஸ்திரி மரபணுக்கள் இயங்குகின்றன. இரண்டும் ஒன்றையொன்று அடக்குவதால்தான் எல்லை கூர்மையாக நிற்கிறது. பாக்ஸ்6 இல்லாத எலிக்கருவில் கீழ்ப்பகுதி மரபணுக்கள் எல்லை தாண்டி மேலேறிவிடுகின்றன, அமிக்டலாவின் சில நரம்பணுத் திரள்கள் சரியாக அமைவதில்லை.

மேல்பகுதியில் பிறக்கும் செல்களில் டிபிஆர்1 என்ற மரபணு இயங்குகிறது. அந்தச் செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைச் சுரந்து தூண்டும் நரம்பணுக்களாகி, அமிக்டலாவின் அடிப்பக்கவாட்டுத் திரள்களை நிரப்புகின்றன. கீழ்ப்பகுதிச் செல்களை டிஎல்எக்ஸ் மரபணுக்கள் காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அடக்கும் நரம்பணுக்களாக்குகின்றன. நடுத்திரள் பெரும்பாலும் இவற்றால் ஆனது. உள்பக்கத் திரள்தான் மிகவும் கலவையானது. மூளையின் அடிப்புறத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் பக்கத்தில் பிறந்த செல்களும் அங்கே வந்து சேர்கின்றன.

முட்டைக்கோஸ் நாற்றை நாற்றங்காலில் விட்டுப் பிறகு வயலில் நடுகிறோம் அல்லவா, இங்கே நாற்று தானே நடந்துபோகிறது, அதுவும் பல நாற்றங்கால்களிலிருந்து. பிறப்பிடம், செல்வகை, வழி, இணைப்பு ஆகிய நான்கில் எது பிசகினாலும் விளைவு வேறு. டிபிஆர்1 ஒரு பிரதி குறைந்த எலியில் அமிக்டலா இருக்கிறது. ஆனால் இடவலத்தை இணைக்கும் நரம்பிழைகள் குறைந்து, அச்ச நினைவு பழுதாகிறது. மனிதரில் அந்த மரபணுவின் மாற்றங்கள் ஆட்டிசத்தோடும் அறிவுத்திறன் குறைபாட்டோடும் தொடர்புடையவை.

ஒரு செல் எங்கே பிறந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
கல்லூரி மாணவர், உதகை

எலியில் டிபிஎக்ஸ்1 போன்ற மரபணு இயங்கும் செல்லில் மட்டும் க்ரீ என்ற நொதி உருவாகும்படி செய்கிறார்கள். அதே எலியில் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவும் இருக்கும், அதன் முன்னால் க்ரீ வெட்டும் இடங்களான இரண்டு லாக்ஸ்பி குறிகளுக்கு நடுவே ஒரு தடை. க்ரீ தடையை வெட்டி எடுத்துவிட்டால் அந்தச் செல்லும் அதன் சந்ததியும் நிரந்தரமாக ஒளிரும். டிபிஎக்ஸ்1 பிறகு ஓய்ந்துபோனாலும் அடையாளம் அழியாது.

தவறு எங்கே வருமென்றால், அதே மரபணு பிற்பாடு வேறோர் இடத்தில் இயங்கினால் அந்தச் செல்களும் ஒளிர்ந்து பிறப்பிடத்தைத் தப்பாகக் காட்டும். அதனால் டாமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்தால் மட்டுமே வேலை செய்யும் க்ரீயை வைத்து, குறித்த நாளில் மருந்து கொடுப்பார்கள். எலியின் கர்ப்பம் சுமார் 19 நாள். அமிக்டலா நரம்பணுக்கள் பெரும்பாலும் 11 முதல் 15ஆம் நாளுக்குள் பிறப்பதால் ஒருநாள் தள்ளினாலும் வேறு திரள்தான் ஒளிரும். மருந்து கூடினால் கரு கலையும், பிரசவமும் சிக்கலாகும்.

கருத்தரிக்கத் திட்டமிடுகிறேன். அமிக்டலா சரியாக வளர்கிறதா என்று ஸ்கேனில் தெரியுமா? முன்னதாக என்ன செய்யலாம்?
வாசகி, குன்னூர்

தெரியாது. 18–20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேன் சிறுமூளை, மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் போன்றவற்றைப் பார்க்கும். பக்க அறையின் அகலம் 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் இயல்பு. அமிக்டலாவைத் தனியாக அளப்பதில்லை. பிள்ளையின் சுபாவத்தைச் சொல்லும் மரபணுப் பரிசோதனையும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள்.

நரம்புக்குழல் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலத்தைத் தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். மருத்துவர் கணக்கு கடைசி மாதவிலக்கிலிருந்து என்பதால், ஆறு வாரம் என்று அவர் எழுதும்போது நரம்புக்குழல் மூடி முடிந்திருக்கும். நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்துகொண்டு மாத்திரை வாங்கப் போனால் அந்த வேலைக்குப் பிந்திவிட்டது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர் நீங்களாக நிறுத்த வேண்டாம், வலிப்பு முற்றும். அது நரம்புக்குழல் குறைபாட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் வாய்ப்பைக் கூட்டுவதால், கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.