எலிக்காய்ச்சல் வயலில் பிடித்ததா, மடுவத்தில் பிடித்ததா?

கேள்வி: என் கணவர் ஒன்பது வருடமாகத் திருகோணமலையில் மாடு அறுக்கும் மடுவத்தில் வேலை செய்கிறார். கையுறை, பூட்ஸ் ஒன்றும் கொடுப்பதில்லை. எலிக்காய்ச்சல் வந்து சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் வரை போய்த் தப்பினார். முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது ஐம்பதாயிரம் தருகிறேன், ஒரு கடிதத்தில் கையெழுத்து வை என்கிறார். தம்பலகாமத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் இருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, முதலாளி எட்டிப் பார்க்காததை ஒரு பக்கம் வையுங்கள், அதற்குச் சட்டத்தில் ஒரு சதமும் கிடைக்காது. கையுறை கூட இரண்டாம் பட்சம்தான். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் முதலாளியின் கவனயீனத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நோய் வேலையில்தான் பிடித்தது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வயலைச் சொன்னீர்களே, வயல் தண்ணீரிலும் எலிக்காய்ச்சல் பிடிக்கும் என்பதால் வழக்கே அதில்தான் நிற்கிறது.

நல்ல வழக்குகள் இந்த இடத்தில்தான் விழுந்திருக்கின்றன. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற மனிதரிடம் என்ன தொழில் என்று கேட்டால், மாடு அறுக்கிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு 'வயல்' என்று சொல்லிவிடுகிறார், அது அப்படியே ஆஸ்பத்திரி டிக்கட்டில் (நோயாளியின் பதிவுத் தாளில்) ஏறிவிடும். எலிக்காய்ச்சல் அறிவிக்க வேண்டிய நோய் என்பதால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்து விசாரிப்பார், அவர் எழுதிக்கொண்டு போவதிலும் வயல். அப்புறம் விதைப்புக் காலத்தில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகம் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க விவசாயிகளுக்குக் கொடுக்கிற டொக்சிசைக்ளின் குளிசை, அந்தப் பட்டியலிலும் பெயர் இருந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேறு சாட்சியே தேவையில்லை.

அதற்காக வயலை மறைக்காதீர்கள். மறைத்து அகப்பட்டால் உண்மையாகச் சொன்னதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நாட்களைப் பாருங்கள். கிருமி உடம்புக்குள் போய்க் காய்ச்சல் காட்ட 2 முதல் 30 நாட்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். காய்ச்சல் தொடங்குவதற்கு முந்திய ஒரு மாதத்தில் அவர் வயலில் இறங்கவே இல்லை, மடுவத்துக்கு மட்டும் போனார் என்று காட்ட முடிந்தால் வயல் தானாக விழுந்துவிடும். இரண்டு இடத்துக்கும் போயிருந்தால் கஷ்டம், வெளிப்படையாகச் சொல்கிறேன்.

அந்த நாட்களில் கையில் கத்தி வெட்டியதா, மாட்டின் சிறுநீர்ப்பையோ சிறுநீரகமோ கிழிந்து, கிருமி இருக்கக்கூடிய அந்தச் சிறுநீர் காயத்தில் பட்டதா, பக்கத்தில் நின்று பார்த்தது யார்? இதை இன்றே எழுதி வையுங்கள். 1905இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, கம்பளித் தொழிலாளி ஒருவரின் கண்ணில் அந்த்ராக்ஸ் கிருமி விழுந்ததையே நட்டஈட்டுக்குரிய விபத்து என்று ஏற்றது (பிரின்டன்ஸ் எதிர் டர்வி). எலிக்காய்ச்சல் வழக்கையும் அந்த வழியில் கட்டலாம், ஆனால் ஒரு நாளையும் ஒரு சம்பவத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். சும்மா ஒன்பது வருட வேலை என்றால் போதாது.

அந்தக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம். சிறுநீரகம் முழுதாகத் தேறியதா என்பது வைத்தியர் சொல்லாமல் தெரியாது, அதற்கு முன் 'முழுத் தீர்வு' என்று எழுதிக் கொடுப்பது விஷப்பரீட்சை. சிவில் நீதிமன்றம், தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் என்று இரண்டு பக்கமும் ஓடவும் முடியாது, ஒன்றைத்தான் பிடிக்கலாம். உங்களுக்கு ஆணையாளர்தான்.

என்னைக் கேட்டால் சமரசத்துக்கே போங்கள். வயல் இருக்கிற வழக்கை இழுத்தடித்து, கூட வேலை செய்கிறவர்கள் முதலாளிக்குப் பயந்து சாட்சி மாறுவதைப் பார்ப்பதை விட, நியாயமான தொகைக்குப் பேசுவது மேல். ஆனால் பேசியதை ஆணையாளரிடம் பதிவு செய்துவிட்டுத்தான் காசை வாங்க வேண்டும். உங்கள் கணவர் ஏற்கெனவே எதிலாவது கையெழுத்து வைத்திருந்தால் அதை மறைக்காமல் எனக்கு எழுதுங்கள், பிரதியும் அனுப்புங்கள்.