மழைக்காட்டில் எல்லைத் தகராறு: வாசகர் கேள்விகள்

கேள்வி: வால்பாறையில் விடியற்காலையில் காட்டுக்குள்ளிருந்து 'ஹூ, ஹூ' என்று அதிரும் குரல் கேட்டது. என்ன விலங்கு?

நீங்கள் கேட்டது கருமந்தி. நீலகிரி மந்தி என்றும் சொல்வார்கள். கூட்டத்தின் ஆண் உச்சாணிக் கிளையில் ஏறி முழங்கும். பக்கத்துக் கூட்டத்து ஆண் பதில் கொடுக்கும். இலை அடர்ந்த காட்டில் கண் அதிக தூரம் போகாது, கட்டைக் குரல் போகும். இரு கூட்டங்களும் எதிர்ப்பட்டுவிட்டால் ஆண்கள் கிளைக்குக் கிளை தடதடவெனப் பாய்ந்து, கொப்புகளை உலுக்கி மிரட்டும். பெரும்பாலும் விவகாரம் அதோடு முடிந்துவிடும்.

கேள்வி: ஓடைப் பாறையில் ஒரு தவளை காலை நீட்டி நீட்டி மடக்கும் காணொளி பார்த்தேன். உடம்புக்கு ஏதாவது கோளாறா?

கோளாறு ஒன்றுமில்லை. அது நடனத் தவளை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குடும்பம். 2014இல் மட்டும் இதில் 14 புதிய இனங்களை ஆய்வாளர்கள் விவரித்தார்கள். ஆண் தவளை கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. ஈரப் பாறையில் உட்கார்ந்து, தொண்டைப் பையை உப்பிக் கத்திப் பார்க்கும். ஓடை இரைச்சலில் அந்தக் குரல் அமுங்கிவிடுமே! அதனால் ஒரு பின்னங்காலைத் தூக்கி, பின்புறமாக முழுதும் நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துக் காட்டிவிட்டு மடக்கிக்கொள்ளும். பிறகு மறுகால். 'இந்தப் பாறை என்னுடையது' என்று பிற ஆண்களுக்குச் சொல்லும் அறிவிப்பு அது. அதையும் மீறி நெருங்குகிறவனுக்கு அதே காலால் உதை விழும். இந்தக் காடுகளில் நான் மிகவும் ரசிக்கும் சண்டை இதுதான்.

கேள்வி: முசுறு எறும்புகளுக்கும் எல்லை உண்டா?

உண்டு, அதுவும் கறாரான எல்லை. ஒரே குடும்பம் பல மரங்களை வளைத்துப் போட்டு, இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும். எல்லையோரக் கூடுகளில் காவலுக்கு இருப்பவை வயதான வேலைக்கார எறும்புகள். இளையவை உள்ளே குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும். நாம் இளைஞர்களைப் போருக்கு அனுப்புகிறோம், முசுறு கிழவிகளை அனுப்புகிறது! கையை வைத்தால் கடிக்கும். கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும்.

கேள்வி: எங்கள் ஏலத்தோட்டத்தில் சாரையும் நல்லபாம்பும் பின்னிப் பிணைந்து நின்றன. இணைசேர்வதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டுமே சாரைதான், இரண்டுமே ஆண். ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அமுக்கப் பார்க்கும் மல்யுத்தம் அது. இடத்துக்காக என்பதைவிடப் பெண்ணுக்காக என்பதே சரி. ராஜநாகத்தின் ஆண்களும் இப்படித்தான் மல்லுக்கட்டும். அத்தனை விஷம் இருந்தும் பொதுவாகக் கடித்துக்கொள்வதில்லை. அதிர்ஷ்டம் வரும் என்று பாம்புகளின் மேலே துணியைப் போடச் சொல்பவர் அருகில் இருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு விலகிப் போங்கள்.

கேள்வி: யானை தன் எல்லையைக் காக்கத்தான் ஊருக்குள் வருகிறதா?

இல்லை. யானைக்கு எல்லை காக்கும் வழக்கமே கிடையாது. ஒரே காட்டைப் பல கூட்டங்கள் பகிர்ந்துகொள்ளும். ரேஷன் கடைக் கதவையோ சத்துணவுக் கூடத்துச் சுவரையோ உடைத்ததென்றால், உள்ளே அரிசி இருந்திருக்கும்.