குழாய் யாருடையது, சாவி யாரிடம்?

*அன்புள்ள ஆசிரியருக்கு,*

*அயர்லாந்தில் குடிநீர்ச் சேவை பொது உடைமையாகவே இருக்கும் என்று அரசியலமைப்பில் எழுதவேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாகக் கிடப்பில் இருக்கிறது. மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2014ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறதே, பிறகு எதற்கு இது? வேண்டும்தான் என்றால், சிக்கலைக் கிளப்பும் 'நிர்வாகம்' என்பதை விட்டுவிட்டு 'உடைமை'யோடு நிறுத்திக்கொண்டால் சீக்கிரம் நிறைவேறுமே? தண்ணீர்க் கட்டணம் பற்றியும் எழுதுங்கள்.*

*க.*

அன்புள்ள க.,

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். 2014இல் வந்தது சாதாரணச் சட்டம். வாக்கெடுப்பு நடத்தச் சொல்லும் பிரிவை முதலில் ரத்து செய்துவிட்டுப் பிறகு விற்கலாம். நாடாளுமன்றப் பெரும்பான்மை இருந்தால் போதும். அயர்லாந்தின் அரசியலமைப்பை மாற்ற மக்கள் வாக்களித்தே ஆகவேண்டும். கட்டணம் வேறு விஷயம், இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

நிர்வாகத்தை விட்டுவிடலாம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச காலமாக நான் யோசித்துக்கொண்டிருப்பதும் இதைத்தான். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் விட்டுக்கொடுக்கச் சொல்வது விதியின் உயிரையே.

1989இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்ததுபோல் குழாயோடு மொத்தமாக விற்பது உலகில் அபூர்வம். வழக்கமான வழி குத்தகை. பாரிஸில் 1985 முதல் 2009 முடியும்வரை தண்ணீர் விநியோகம் இரண்டு கம்பெனிகளிடம் இருந்தது, சேன் நதியின் கரைக்கு ஒன்றாக. குழாய்கள் அப்போதும் நகரத்தின் சொத்துதான். நீங்கள் கேட்கும் விதி அங்கே இருந்திருந்தால், அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அது மீறப்பட்டிருக்காது! பெர்லினில் 1999இல் விற்றது நகரத்தின் குடிநீர் நிறுவனத்தில் 49.9 சதவீதப் பங்கு. பெரும்பங்கு நகரத்திடமே இருந்தும், லாபத்துக்கு உத்தரவாதம் தந்த ஒப்பந்தம் ரகசியமாக இருந்தது. அதை வெளியிட வைக்கவே 2011இல் மக்கள் வாக்களிக்க வேண்டியிருந்தது.

நிர்வாகம் என்பது என்ன என்று பாருங்கள். கசிவைக் கண்டுபிடிக்க, ஒரு வட்டாரத்துக்குள் நுழையும் குழாயில் மீட்டர் வைத்து, ஊர் உறங்கும் அதிகாலை 2 முதல் 4 மணிவரை ஓட்டத்தைக் குறிப்பார்கள். அந்த நேரத்து நியாயமான உபயோகத்தைக் கழித்தால், மிச்சத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகிற தண்ணீர். இந்தப் பதிவேடு, வால்வுகள் இருக்கும் வரைபடம், பில் போடும் மென்பொருள், இணைப்புப் பட்டியல் எல்லாம் இருபது வருடம் குத்தகைக்காரரிடம் இருந்தால், ஒப்பந்தம் முடியும்போது நகரத்தில் அந்த வலையை அறிந்த பொறியாளர் மிஞ்சமாட்டார். மறு ஏலத்தில் பழைய கம்பெனியே ஜெயிக்கும்.

உருகுவே இதைப் புரிந்துகொண்டது. 2004 அக்டோபர் 31 வாக்கெடுப்பில் திருத்திய 47ஆம் பிரிவு, குடிநீரையும் கழிவுநீர் அகற்றலையும் அரசு அமைப்புகள் மட்டுமே, நேரடியாகவே செய்யவேண்டும் என்கிறது. அதைவிட முக்கியம் இடைக்கால விதி: வெளியேறும் கம்பெனிக்கு, போட்ட முதலீட்டில் இன்னும் கழியாத தொகை மட்டுமே, வராமல் போன லாபத்துக்கு நஷ்டஈடு இல்லை. இந்த வரி இல்லாவிட்டால், மீதமுள்ள ஒப்பந்தக் காலத்தின் லாபத்தையும் கேட்டு வழக்கு வரும், அதற்குப் பயந்தே அரசுகள் குத்தகையைத் தொடரும். அவ்வளவு எழுதியும் ஓர் ஓட்டை: இருக்கிற ஒப்பந்தங்கள் தொடரலாம் என்று 2005இல் அரசு ஆணை பிறப்பித்தது. ஆகவே எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதும் விதிக்குள்ளேயே இருக்கவேண்டும்.

அயர்லாந்தில் 2016இல் முன்வைத்த வரைவில் உடைமையும் நிர்வாகமும் சேர்ந்தே இருந்தன. கிராமங்களில் உறுப்பினர்களே நடத்தும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் வீட்டுக் கிணறுகளும் இதில் சிக்கிவிடும் என்பதுதான் உங்கள் கவலை என்றால், 'பொது நீர் அமைப்பு' எதுவென்று வரையறுத்து அவற்றை வெளியே வையுங்கள். இரண்டு வரி வேலை அது. அதற்காக நிர்வாகத்தை வெட்டச் சொல்லாதீர்கள்.